பூசிய துரு

பெயிண்டர் அக்காவின் பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே வரத்தைத்தான் கேட்பார்கள்: புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள். சுவரில் உரசியதோ, மழையில் நின்று துருவேறியதோ, மச்சான் ஓட்டிப் பழகுகிறேன் என்று மூன்று இடத்தில் நசுக்கியதோ, எதுவானாலும் முதலில் அவள் புருஷன் கைக்குப் போகும். தெருவில் அவருக்கு டிங்கர் என்றுதான் பெயர். உள்ளே மரக்கட்டையைக் கொடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி, நசுங்கிய தகரத்தை அவர் சமப்படுத்துவார். அதற்குப் பிறகு அது அவளுடையது. பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசி, தேய்த்து, பிளாஸ்டிக் திரை போட்ட உள்ளறையில் தரைக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன்னை எடுத்தாளானால், அந்த வண்டி பெட்டியிலிருந்து பிரித்த மாதிரிதான் வெளியே வரும். இருபத்திரண்டு வருஷமாக இருவருக்கும் இதே பிழைப்பு.

அதனால் மெத்தைக்கடைக்காரர் வந்து கேட்டபோது இரண்டு பேருக்கும் காதில் சரியாக விழவில்லை என்றே தோன்றியது.

கடைவீதியின் முனையில் இருக்கிற பெரிய மெத்தைக்கடை அவருடையது. நாற்பத்தைந்து வயது, மழமழவென்று சவரம் செய்த முகம். அவர் தள்ளிக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் மூன்று மாதம் முன்னால் வாங்கியது. முழுக்கச் சிவப்பு. டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

“இதைப் பழசாக்கணும்” என்றார்.

டிங்கர் எதை என்று கேட்டார். இந்த வண்டியைத்தான் என்றார் அவர். துரு வேண்டும், கீறல் வேண்டும், நசுங்கல் வேண்டும், பெயிண்ட் அங்கங்கே செதில் செதிலாகப் பெயர்ந்திருக்க வேண்டும். பதினோரு வருஷம் மலையும் பாலைவனமும் சுற்றிவந்த வண்டி மாதிரி இருக்க வேண்டும்.

டிங்கர் குனிந்து மீட்டரைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். வீட்டுக்கும் கடைக்கும் போய்வந்ததிலேயே அவ்வளவும் ஓடியிருக்க வேண்டும். அவர் அக்காவைப் பார்த்தார், அக்கா அவரைப் பார்த்தாள்.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஊரில் மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் எல்லையில் ஒரு தேநீர்க்கடையில் கூடுவார்கள். மெத்தைக்கடைக்காரர் மூன்று வாரம் அங்கே காரில் போய்வந்திருக்கிறார். போன இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. பதினோரு வருஷப் பயணங்களை அளந்துவிட்டிருக்கிறார். பனிமலைக் கணவாயில் சிக்கியது, ஆற்றுவெள்ளத்தில் வண்டி மிதந்தது என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட, குழுவே வாய் பிளந்து கேட்டிருக்கிறது. வண்டி எங்கே என்று கேட்டதற்குப் பழுதுபார்க்க விட்டிருக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறார். இப்போது வண்டியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நிற்கிறார்கள்.

“நம்பர் பலகை?” என்றாள் அக்கா. “பார்த்தா எந்த வருஷத்து வண்டின்னு தெரிஞ்சிடுமே.”

“சேறு” என்றார் அவர், உடனே. அதையும் யோசித்து வைத்திருந்தார்.

“மீட்டர்?”

“ஆத்துல விழுந்ததுல கெட்டுப்போச்சு. புதுசு மாத்தினேன்.”

டிங்கர் அதற்கு மேல் கேட்க நிற்கவில்லை. தன் கை நசுங்கினதை நிமிர்த்தித்தான் பழகியிருக்கிறது, நிமிர்ந்து நிற்பதை நசுக்க அதற்கு வராது என்று சொல்லிவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அங்கிருந்து தட்டுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

அக்காவும் அனுப்பியிருக்க வேண்டியதுதான். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாகத் துருவைச் சுரண்டியவளுக்கு, துருவை உண்டாக்க முடியுமா என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இந்த மனுஷர் கேட்டதும் கைக்குள் ஏதோ ஊற ஆரம்பித்துவிட்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளிடமிருந்தா அது வரவேண்டும்?

“ரெண்டு வாரம் ஆகும் சார்” என்றாள்.

மறுநாள் அவர் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வந்தார். அதில் வண்டிக்கு இருபத்துமூன்று காயங்கள் வரிசை போட்டு எழுதியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எந்த இடத்தில், எப்படி நடந்தது என்று அரைப்பக்கக் கதை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து வாங்கிப் படித்தாள். நாலாவது கதையிலேயே நின்றுவிட்டாள்.

மலை வளைவில் இடதுபக்கம் சறுக்கி விழுந்ததில் டேங்கின் உச்சியில் நீளமாக ஒரு கீறல் என்று எழுதியிருந்தது. இடதுபக்கம் விழுந்தால் முதலில் தரையில் படுவது கைப்பிடி முனையும் கால் வைக்கிற கம்பியும்தான் என்று அவள் விளக்கினாள். டேங்கின் உச்சி தரையைத் தொட வேண்டுமென்றால் வண்டி தலைகுப்புற விழ வேண்டும். அப்படி விழுந்திருந்தால் கதை சொல்ல ஆள் மிஞ்சியிருக்காது. அவர் பேனாவை எடுத்து அவசரமாகத் திருத்திக்கொண்டார். ஒன்பதாவது கதையில் பாலைவனத்தில் ஒரு மாதம் அலைந்ததால் மட்கார்டு முழுக்கத் துரு என்றிருந்தது.

“பாலைவனத்துல துரு எப்படி சார் பிடிக்கும்? தண்ணியே கிடையாதே.”

அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு பாலைவனத்தை அடித்துவிட்டுக் கடற்கரை என்று எழுதினார். உப்புக்காற்று என்று பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். இப்படியே இருபத்துமூன்றும் அவள் கையால் சீர்திருத்தம் அடைந்தன. பொய்யைப் பிழை திருத்திக் கொடுக்கிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் தப்பான இடத்தில் கீறல் போட அவள் கை ஒப்பாது.

கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, ஒரு துப்பாக்கிக் குண்டு பட்ட அடையாளம் போடமுடியுமா என்று கேட்டார்.

“வேணாம் சார்.”

“சின்னதா?”

“சின்னதாவும் வேணாம்.”

வேலை தொடங்கியது. டிங்கர் கேலி செய்துகொண்டே இருந்தாலும், இரண்டாம் நாள் காலையில் பழைய இரும்புக் கடையிலிருந்து துருவேறிய மட்கார்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். அக்கா அதைப் பரீட்சைக்குப் படிப்பது போல் பார்த்தாள். துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லை. தண்ணீர் தேங்குகிற மடிப்பில் கறுப்பாக ஆரம்பிக்கும், வழிகிற தடத்தில் மஞ்சளாக இறங்கும், முழங்கால் உரசுகிற இடத்தில் வரவே வராது. இத்தனை வருஷம் எதிரி மாதிரி சுரண்டி எறிந்ததற்கு இத்தனை நிறமா என்று இருந்தது அவளுக்கு.

சிவப்பின் மேல் பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டு, அடர்ந்த பழுப்பை ஒரு கோட் அடித்தாள். ஈரம் காய்வதற்குள் கல் உப்பைத் தூவி, அதன்மேல் செம்மஞ்சள் அடித்து, காய்ந்ததும் உப்பை உதிர்த்தாள். உதிர்ந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்தது. அதில் ஸ்பாஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி நிறம் ஏற்றினாள். பெயிண்ட் செதிலாகப் பெயர்ந்து உள்ளே வெறும் இரும்பு தெரிகிற இடங்களையும் பெயிண்டிலேயே வரைந்தாள். நிஜமாகச் சுரண்டிவிட்டால் உண்மையிலேயே துரு பிடித்துவிடும், அப்புறம் அது யாருடைய வேலை? நசுங்கல்களுக்கும் சுத்தியல் தேவைப்படவில்லை. ஒரு பக்கம் இருட்டு, மறுபக்கம் மெல்லிய வெளிச்சம், இரண்டையும் சரியாக வைத்தாள். தள்ளி நின்று பார்த்தால் குழி தெரிந்தது. தொட்டால் வழுவழுவென்று இருந்தது. மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சைப் பளபளப்பில்லாமல் கொடுத்து எல்லாவற்றையும் மூடினாள்.

பத்தாம் நாள் காலை அது நடந்தது. வண்டியிலிருந்து கழற்றிய பின்பக்க மட்கார்டும் பழைய இரும்புக் கடை மட்கார்டும் பக்கத்துப் பக்கத்தில் சாய்ந்திருந்தன. வேறொரு வேலைக்குத் தகரம் தேவைப்பட்ட டிங்கர் ஒன்றை எடுத்து மடியில் வைத்து, துருவைப் போக்க உப்புத்தாளால் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நாலு தேய்ப்பு போனதும் உள்ளேயிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது. அவர் கை அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருஷம் இரும்போடு புழங்கிய மனுஷர், மடியில் கிடப்பது துருவா பெயிண்டா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா திட்டவில்லை. சிரித்த சிரிப்பில் முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த உள்ளங்கை அகல இடத்தை மறுபடி செய்ய அரைநாள் பிடித்தது. அதைவிடச் சந்தோஷமான அரைநாள் அந்தப் பட்டறையில் அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

மெத்தைக்கடைக்காரர் வந்து பார்த்தார். வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். கண் கலங்கியது. தன் பழைய நாட்கள் ஞாபகம் வருவதாகச் சொன்னார். எந்தப் பழைய நாட்கள் என்று கேட்கப் போன டிங்கரை அக்கா கண்ணாலேயே அடக்கினாள். பிறகு மெத்தைக்கடைக்காரர், தன் தோல் சட்டையையும் இதேபோல் ஆக்க முடியுமா என்று கேட்டார்.

“மனுஷங்களுக்கு நாங்க அடிக்கிறதில்ல சார்.”

இது மூன்று பேருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அக்காவும் சரியென்று சொன்னாள். நம்பர் பலகைக்கு அவரே தெருவோரச் சேற்றை எடுத்துத் தடவினார். காலை உயரமாகத் தூக்கிப் போட்டு ஏறி, இரண்டு தடவை எஞ்சினை அணையவிட்டு, ஒருவழியாகக் கிளம்பிப் போனார்.

அதற்கப்புறம் அந்த ஆளின் காட்டில் மழைதான். குழுவில் அவரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு கல்லூரியில் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் வண்டிமேல் சாய்ந்து நிற்கிற படம் அரைப்பக்கத்துக்கு வந்தது. ‘இந்தத் துருதான் என் நாட்குறிப்பு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே நாலாவது கதையும் ஒன்பதாவது கதையும் அக்கா திருத்திக் கொடுத்தபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தன. பட்டறை இருக்கிற தெரு வழியாகத்தான் தினமும் அவர் கடைக்குப் போவார். ஒருநாள்கூட இந்தப் பக்கம் தலை திரும்பியதில்லை.

அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டாள். ஆனால் தன் காருக்குப் பெயிண்ட் பார்க்க வந்த ஒரு வங்கி மேலாளர், அந்தப் பத்திரிகையைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். காரின் கதவைத் தடவிப் பார்த்தபடி, நீங்களெல்லாம் எல்லாவற்றையும் பளபளவென்று மூடி மறைத்துவிடுகிறீர்கள், வாழ்ந்த வாழ்க்கை ஒரு வண்டியில் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு இதைப் பாருங்கள் என்று படத்தை விரித்துக் காட்டினார். அவள் செய்த துருவை அவளுக்கே காட்டினார். பின் மட்கார்டில் அந்த உள்ளங்கை அகல இடம்கூடப் படத்தில் தெரிந்தது. நன்றாக இருக்கிறது சார் என்று சொல்லி, வந்ததை மென்று விழுங்கிவிட்டாள்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று டிங்கர் பொருமினார். நாலு பேர் நடுவில் போட்டு உடைத்தால் அந்த ஆள் தலை தெறிக்க ஓடுவான் என்றார்.

“உடைச்சா வேலையும் சேர்ந்து உடைஞ்சிடும்ங்க” என்றாள் அவள். “பெயிண்டுன்னு தெரியாத வரைக்கும்தான் அது துரு.”

அதுதான் அவளை அரித்தது. தன் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல வேலை எது என்று யாராவது கேட்டால், விரலை நீட்டிக் காட்டக்கூடிய ஒன்றே ஒன்று அது. அதன்மேல் ஒரு மெத்தைக்கடைக்காரர் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் போனது. குழு உண்மையிலேயே ஒரு பயணம் கிளம்பியது. ஒரு மலைக் கணவாய் வரைக்கும், நாலு நாள். முன்னால் போய் வழிகாட்ட வேறு யார் இருக்கிறார்கள்? அவர் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் எடுபடவில்லை.

என்ன ஆயிற்று என்பதை அவருடைய மனைவி வந்து சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. ஒருநாள் பகல் பதினோரு மணிக்குச் சின்னச் சரக்கு வண்டி ஒன்று பட்டறை வாசலில் நின்றது. பின்னால் அந்த மோட்டார் சைக்கிள் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. முன்னாலிருந்து ஒல்லியாக ஒரு பெண் இறங்கினாள். கடையில் மெத்தை உறைகள் தைக்கிற பகுதி முழுவதும் அவள் பொறுப்பு. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிருந்தது. யாரென்று சொல்லிவிட்டு, வண்டியை இறக்கச் சொன்னாள்.

டேங்கின் இடதுபக்கம் நிஜமாகவே நசுங்கியிருந்தது. அதைச் சுற்றித் துரு இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஏடு ஏடாகப் பெயர்ந்திருந்தது. உள்ளேயிருந்து சிவப்பு பளிச்சென்று சிரித்தது.

கிளம்பி ஒன்பதாவது கிலோமீட்டரில் பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறார்கள். மெத்தைக்கடைக்காரர் ஸ்டாண்டைப் போட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். வண்டி பம்பு மேடையின் சிமெண்டு விளிம்பில் சாய்ந்து விழுந்தது, அதற்கும் தரைக்கும் நடுவில் அவருடைய கணுக்கால். ஓடிவந்து தூக்கிய பதினோரு பேரும் அந்தச் சிவப்பைப் பார்த்தார்கள். குழுவுக்குத் தலைவி ஒரு பல் டாக்டர். அவர் கீழே விழுந்த ஒரு செதிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டாள் அக்கா.

“ரெண்டாவது வாரமே தெரியும்க்கா. கடைக்கு வந்த வெள்ளைத் துணி மூட்டையை இந்த வண்டி மேல சாய்ச்சு வச்சிட்டாங்க. துரு அப்பிடும்னு பதறி ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு பொட்டு ஒட்டல. அப்புறம் நகத்தால கீறிப் பார்த்தேன்.” அவள் மட்கார்டைத் தடவினாள். “யாரோ உட்கார்ந்து உயிரைக் குடுத்துச் செஞ்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. யாருன்னு அவரு சொல்லல. இப்ப வேற வழியில்லாம சொன்னாரு.”

 அக்கா அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

இதோடு மானம் போய் அடங்கியிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மறுநாள் குழுவில் சிலர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருக்கிறார்கள். கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் மெத்தைக்கடைக்காரர் வாயைத் திறந்திருக்கிறார். ஆமாம், நான் எங்கேயும் போனதில்லை, எல்லாம் மனத்தில் போன பயணம், அந்தப் பயணத்தை வண்டிமேல் தீட்டினேன், அதுதான் என் கலை என்றிருக்கிறார். யார் தீட்டியது என்று பல் டாக்டர் கேட்டிருக்கிறார்.

“நானேதான்னு சொல்லிட்டாரு” என்றாள் மனைவி. “ராத்திரியெல்லாம் கண்விழிச்சு நானே அடிச்சேன்னு. நான் அதே ரூம்லதான் நின்னுக்கிட்டிருக்கேன்.”

 டிங்கர் போய், ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரெசரை நிறுத்தினார்.

மிச்சத்தையும் அவள் சொன்னாள். வந்தவர்களில் நாலு பேர் சொக்கிப்போய், தங்கள் வண்டிக்கும் அதேபோல் அடித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். இப்போது அவர் சொல்லி அனுப்பியது இதுதான்: முதலில் இந்தப் பெயர்ந்த இடத்தைச் சரிசெய்துவிட வேண்டும். பிறகு அந்த நாலு வண்டியையும் ஒவ்வொன்றாக ஓசைப்படாமல் இங்கே அனுப்புவார். அக்கா வேலையை முடித்துக் கொடுத்தால், அவர் கடைசியாக ஒரு தொடு தொட்டுக் கொடுத்துவிடுவார்.

“ஒரு தொடு?” என்றாள் அக்கா.

“அப்படித்தான் சொன்னாரு. தொடுறதுக்கு ஒரு பிரஷ் வேற வாங்கி வச்சிருக்காரு.”

அக்கா எழுந்து போய் டேங்கைப் பார்த்தாள். பயணி என்று சொல்லித் திரிந்தவரை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. போகாத ஊருக்குப் போனேன் என்றால் அந்த ஊருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இது அப்படியில்லை. உப்பைத் தூவி உதிர்த்து, குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது யாருக்கு? அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“நீங்க என்ன சொல்றீங்கம்மா?”

“நான் சொல்ல என்னக்கா இருக்கு? ஊர்ல உள்ள மெத்தைக்கெல்லாம் உறை தைக்கிறேன். அந்த வாய்க்கு ஒரு உறை தைக்க முடியல.”

“அப்ப ஒண்ணு செய்யலாமா? இது இங்க வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கித் தர்றேன். அவர் அடிச்சதுதானே, அவரே மறுபடி அடிச்சுக்கட்டும்.”

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. “செய்ங்க” என்றாள். “எனக்கும் சிவப்புதான் பிடிக்கும். வாங்கும்போது கலர் சொன்னதே நான்தான்.”

அன்று மத்தியானமே டிங்கர் டேங்கைக் கழற்றி நசுங்கலை எடுத்தார். அந்த வண்டியில் கை வைக்க மாட்டேன் என்றிருந்தவர், இது மட்டும் உண்மையான அடி என்பதால் ஆசையாகவே தட்டினார். அரைமணி நேரத்தில் தடவினால் தெரியாத அளவுக்குச் சமமாகிவிட்டது. ஆனால் அக்கா வாளியில் தண்ணீரும் தேய்க்கிற தாளும் எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் வழியில் நின்றார்.

“வேணாம்மா. இதை அழிக்காத.”

“ஏன்?”

“என்னையே ஏமாத்தின வேலை இது.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுடைய வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. கெட்டது என்றால் உடனே சொல்லுவார், நன்றாக இருந்தால் அடுத்த வண்டியை எடுப்பார். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“கை என்கிட்டதாங்க இருக்கு” என்றாள். “வண்டிதான் அவர்கிட்ட இருக்கு.”

அவர் விலகிக்கொண்டார். அவள் தேய்க்க ஆரம்பித்தாள். மலை வளைவு போனது, கடற்கரை போனது. பழுப்பாகத் தண்ணீர் வழிந்து சாக்கடைப் பக்கம் ஓடியது. பதினோரு வருஷத்தை ஒரு மாலைக்குள் கரைத்துவிட்டாள். பின் மட்கார்டின் மடிப்பில் வந்தபோது மட்டும் கை தயங்கியது. அந்த இடத்தில் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு நிறம் இறங்குகிற விதம் அவளுக்கே தெரியாமல் வந்து விழுந்தது, இன்னொரு முறை வருமோ வராதோ. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தேய்த்தாள். நெஞ்சு கனத்ததென்னவோ நிஜம். ஆனால் ஒவ்வொரு இடமாகச் சிவப்பு வெளியே வர வர, வேறொரு மகிழ்ச்சியும் ஏறிக்கொண்டே வந்தது. மூன்று நாளில் நசுங்கிய இடத்துக்குச் சிவப்பு கொடுத்து, கிளியர் அடித்து, பாலிஷ் போட்டு முடித்தாள். நம்பர் பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மெத்தைக்கடை வாசலில் அந்த வண்டி போய் இறங்கிய நேரம், சொல்லிவைத்தாற்போல் நாலு பேரும் அங்கே நின்றிருந்தார்கள். பார்த்ததை அவர் மனைவி போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மெத்தைக்கடைக்காரர் ஒரு மெத்தையில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலை இரண்டு தலையணை மேல் வைத்துக்கொண்டு, பிரஷ்ஷைக் கையில் வைத்திருந்தாராம். வண்டியைப் பார்த்ததும் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. முகத்தில் ஈயாடவில்லை. எண்ணி இருபது நொடி இருக்கும்.

“அப்புறம்?” என்றாள் அக்கா, போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

“அப்புறம் என்னக்கா. தன் வேலையைத் தானே அழிக்கத் தெரிஞ்சவன்தான் கலைஞன்னு சொன்னாரு. அந்த நாலு பேரும் கை தட்டினாங்க.”

அக்கா போனை வைத்துவிட்டு டிங்கரிடம் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இந்த ஆளைக் கிணற்றில் தள்ளினாலும் நீச்சல் ஆசிரியராகத்தான் வெளியே வருவான் என்றார் டிங்கர்.

அவர் சொன்னது தப்பவில்லை. கலையை ஒருவருக்கு அடித்துக் கொடுக்கக் கூடாது, கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லி, மெத்தையில் படுத்தபடியே அந்த நாலு பேருக்கும் ஒரு வாரம் பாடம் நடத்தியிருக்கிறார். உப்புத் தூவ வேண்டும் என்பது மட்டும் பட்டறையில் எட்டிப் பார்த்ததில் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எப்போது, எதன்மேல் என்பது ஞாபகம் இல்லை.

பத்து நாள் கழித்து இரண்டு பேர் தங்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். ஒரு டேங்க் வெறும் தகரம் தெரியும் வரைக்கும் கண்டபடி தேய்க்கப்பட்டு, உப்பு நீர் ஊறி, நிஜத் துரு பொருக்குத் தட்டிப்போயிருந்தது. இன்னொன்றின் மேல் பழுப்புப் பெயிண்ட் கட்டி கட்டியாக உறைந்திருந்தது, அதற்குள் உப்புக்கல் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் சொன்னபடிதான் செய்தோம், எங்களுக்குக் கை வரவில்லை என்று தலையைத் தொங்கப் போட்டார்கள். பழையபடி ஆக்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள்.

அக்கா இரண்டு டேங்கையும் தடவிப் பார்த்தாள். ஒன்றுக்குப் பட்டி வேலை அதிகம் பிடிக்கும், வியாழக்கிழமை வரச் சொன்னாள். கிளம்பும்போது அவர்களில் ஒருவர், கொஞ்சம் பெரிய மனது காட்டுகிற தோரணையில் நின்று கேட்டார்.

“ஏன்க்கா, அவரு மாதிரி துரு அடிக்க உங்களுக்கு வருமா?”

பின்பக்கம் சுத்தியல் சத்தம் சட்டென்று நின்றது.

“அதெல்லாம் அவருக்குத்தான் சார் வரும்” என்றாள் அக்கா. “எங்களுக்குப் புதுசு பண்ணத்தான் தெரியும்.”

அவர் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டுப் போனார்.